குட்டிப் பிள்ளைகளோடு முழுநேரக் கேரவன் வாழ்க்கை, நடுநடுவே ஊர்: கம்பம்–குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வண்டியிலேயே குடியிருப்பது என்று முடிவெடுத்துவிட்ட, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இது. போகலாமா வேண்டாமா என்ற பேச்சே இங்கே கிடையாது. எங்களுக்கு ஊர் கம்பம் பக்கம், சுற்றுவது பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம்: இடுக்கி, கோட்டயம், ஆலப்புழை. எங்களைப் பார்த்து வண்டி கட்டியவர்களில் பலர் வரிசையில்தான் சறுக்கினார்கள். வண்டியில் ஆரம்பித்து, பாதை போட்டு, ஊருக்கு வருவதைக் கடைசியில் கிடைத்த சந்தில் செருகினார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஊருக்கு வரும் நாட்கள் முதலில், பாதை அப்புறம், வண்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது அதற்கும் அப்புறம்.

1. முதலில் காலண்டர்

பன்னிரண்டு மாதத்தையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: மழை, திருவிழா, தடுப்பூசி.

மழைதான் பெரிய கை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் இடுக்கியில் மண் சரியும், மரம் விழும், சில நாட்களில் மாவட்ட நிர்வாகமே இரவுப் பயணத்தை நிறுத்திவிடும். சோலார் வேலை செய்யாது, துணி காயாது, மெத்தையின் அடியில் பூஞ்சை பூக்கும். அதே நேரம் மலைக்கு இந்தப் பக்கம் கம்பம், உத்தமபாளையத்தில் காற்றும் சாரலும்தான். அதனால் ஜூன், ஜூலை முழுவதும் ஊரில் இருப்பது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். மழையில் கேரளம் பார்க்க அழகு, உண்மைதான், ஆனால் நான்கு பேர் ஒரே பெட்டிக்குள் ஈரத் துணியோடு இருந்து பார்த்தால் அந்த அழகு மூன்றாம் நாளே தீர்ந்துவிடும்.

அடுத்து திருவிழாக்கள். முதலில் பொங்கல். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மகரவிளக்கும் ஏறக்குறைய அதே நாளில்தான் வரும். சபரிமலை சீசன் உச்சத்தில் இருக்கும்போது, போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடுவது வழக்கம். பருந்தும்பாறை, பாஞ்சாலிமேடு, புல்மேடு எல்லாம் ஜோதி பார்க்க வந்தவர்களால் நிறைந்திருக்கும். போகிக்கு முதல் நாள் பீர்மேட்டிலிருந்து கிளம்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் பிள்ளைகளோடு நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஜனவரி 10-க்கு முன்னாலேயே மலையிறங்கிவிடுங்கள்.

இன்னொன்று சித்திரை. வீரபாண்டித் திருவிழாவுக்கு எப்படியும் சொந்தமெல்லாம் கூடும். பள்ளி விடுமுறை என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் தேக்கடி, வாகமண், மூணாறு எங்கேயும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அந்தக் கூட்டத்தில் அல்லாடுவதைவிட ஊரில் இருப்பது மேல்.

தடுப்பூசி நாட்களையும் (9-ஆம் பகுதியில் இருக்கிறது) சேர்த்து மூன்றும் குறித்த பிறகு பாருங்கள், இரண்டு வருகைகளுக்கு நடுவே மிஞ்சுகிற இடைவெளிதான் உங்கள் பயணம். அது நான்கு மாதத்தைத் தாண்டினால் நடுவில் இன்னொரு சின்ன வருகை போடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்பத்தாவின் முகம் வீடியோ காலில் தெரிந்தாலும், நேரில் பார்க்கும்போது மடியில் போக மறுத்து அழும். அது பெரியவர்களுக்குப் பெரிய வலி.

2. வண்டியின் காகிதங்கள்

ஃபோர்ஸ் டிராவலரோ டாடா விங்கரோ வாங்கி, தெரிந்த பட்டறையில் கட்டில் அடித்துவிட்டால் கேரவன் ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடம் கட்டினால், ஆர்.சி.யிலேயே கேரவன் என்று ஏறிவிடும். செலவு கூடத்தான். ஆனால் இன்ஷூரன்ஸ் நிற்பது இதன் மேல்தான். சொல்லாமல் மாற்றிய வண்டியில் தீ விபத்து வந்தால் கிளெய்மை மறுத்துவிடலாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அண்ணே, இதுக்கு முன்னாடி நீங்க கட்டுன வண்டியோட ஆர்.சி. நகல் ஒண்ணு காட்டுங்க.” காட்டத் தயங்கினால் அடுத்த பட்டறை பாருங்கள்.

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும். தமிழ்நாட்டுப் பதிவு வண்டி தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வருடத்தில் பலமுறை ஊருக்கு வருபவர்களுக்கு இது பிரச்சினை ஆகாது, ஆனால் எல்லை தாண்டிய சுங்கச்சாவடி ரசீதுகளையும் ஊரில் டீசல் போட்ட பில்களையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். கேட்டால் காட்டலாம்.

3. முகவரியும் பிள்ளைகளின் அட்டைகளும்

ஆதார், வாக்காளர் அட்டை, வங்கி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி, அது அப்பா அம்மா வீடு. ஆளுக்கொரு முகவரி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓட வேண்டியிருக்கும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நீல ஆதார். ஐந்து முடிந்ததும் கைரேகை, கண் பதிவு செய்து புதுப்பிக்க வேண்டும், அதை ஒரு ஊர் வருகையோடு சேர்த்துக் காலண்டரில் எழுதிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் அசல் ஒன்று, லேமினேட் செய்த நகல் ஒன்று. அசல் ஊர் பீரோவில், நகல் வண்டியில்.

4. உள்ளே முதலில் சீட்டு, கட்டில் பிறகு

புதிதாக வண்டி கட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு இது. கட்டில், அலமாரி, சமையல் மேடை எல்லாம் வரைந்து முடித்துவிட்டு, பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்று கடைசியில் யோசிப்பார்கள். மிஞ்சுவது பக்கவாட்டு சோஃபா. பெல்ட் இருக்காது, இருந்தாலும் பக்கவாட்டில் உட்கார்ந்த பிள்ளையை சடன் பிரேக்கில் அது காப்பாற்றாது.

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டியில் போனால், மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்து பிரேக் அடித்தால் தெரியும். அதனால் முன்பக்கம் பார்த்த, வண்டியின் இரும்புச் சட்டத்தோடு (சேஸிஸ்) போல்ட் போட்ட சீட்டுகளின் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஜன்னல் பக்கமாக, பிள்ளையின் கண் உயரத்தில் கண்ணாடி வருமாறு. வெளியே பார்க்க முடிந்தால் வாந்தி பாதி குறையும். மீதி இடத்தில் கட்டில் வரட்டும். ஓடுகிற வண்டியில் கட்டிலில் படுக்க வைப்பது கிடையவே கிடையாது, எவ்வளவு அழுதாலும்.

எல்லாம் முடிந்தபின், சோலார் பேனல், கூரை மின்விசிறி உட்பட மொத்த உயரத்தை டேப் வைத்து அளந்து, டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சப்வேயின் உயரத் தடுப்புக் கம்பிக்கு உங்கள் அனுபவம் எல்லாம் தெரியாது.

5. கரண்ட், கேஸ், தண்ணீர், கக்கூஸ்

கரண்டுக்கு ஒரு கணக்கு போதும். 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த கரண்டில் ஓடும்) மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம் ஓடினால் 600 வாட்-ஹவர். பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 500. விளக்கு, போன் எல்லாம் 150. ஆக ஒரு நாளைக்கு 1,250. 12.8 வோல்ட், 200 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 2,560 வாட்-ஹவர் இருக்கும். வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றரை, இரண்டு நாள் தாங்கும். கூரையில் 400 வாட் பேனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் செலவானது திரும்ப ஏறிவிடும். மேகம் மூடிய நாட்களுக்கு, வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து ஏறுகிற டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம்.

இந்தக் கணக்கில் இன்டக்‌ஷன் அடுப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மணி நேரச் சமையலுக்கே 1,500 வாட்-ஹவர் போய்விடும், அதனால் கேஸ்தான். 14.2 கிலோ சிலிண்டர் வேண்டாம், 5 கிலோ போதும். அது அடையாள அட்டையை மட்டும் காட்டினால் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது, இரண்டு மாநிலத்திலும் மாற்றிக்கொள்ளலாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். பிள்ளைகள் விளையாடுவதும் அந்தத் தரையில்தான். ஆகவே சிலிண்டர் பெட்டிக்குக் கதவு வெளிப்பக்கம் மட்டும் இருக்க வேண்டும், அடியில் வெளியே போகும் ஓட்டை இருக்க வேண்டும், கசிவு அலாரத்தைத் தரைமட்டத்தில் வைக்க வேண்டும். ஜன்னல் உயரத்தில் மாட்டிய அலாரத்தால் பிரயோஜனம் இல்லை.

தண்ணீருக்கு 150 லிட்டர் டேங்க். அது 150 கிலோ எடை என்பதை மறக்காமல் பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக வையுங்கள். குடிக்கத் தனி 20 லிட்டர் கேன். கேரளத்தில் வீட்டுக் கிணறுகளில் கேட்டால் தருவார்கள், டேங்கில் ஊற்றலாம், ஆனால் பிள்ளைகளுக்குக் கொதிக்க வைத்ததுதான்.

கக்கூஸ் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் முதல் வாரத்தில் கணவன் மனைவி சண்டை பெரும்பாலும் இதில்தான். 20 லிட்டர் கேசட் (கக்கூஸின் அடியில் கழற்றி எடுக்கிற கழிவுப் பெட்டி) நான்கு பேருக்கு இரண்டு நாளில் நிறைந்துவிடும். காலி செய்வது வீட்டுக் கழிப்பறையிலோ, அனுமதி கேட்டுப் பங்க் கழிப்பறையிலோ மட்டும். ஓடையில் அல்ல, எஸ்டேட் சரிவில் அல்ல. ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டினால் காலி செய்யும் வீட்டின் செப்டிக் டேங்கில் உள்ள நுண்ணுயிர் செத்துவிடும், அப்புறம் அந்த வீட்டில் உங்களை இரண்டாம் தடவை சேர்க்க மாட்டார்கள்.

டயப்பருக்கு மூடி இறுக்கமான ஒரு வாளி. ஒவ்வொன்றையும் தாளில் சுற்றிப் போட்டு, நகரம் வந்ததும் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்கலாம். கேரளத்தில் ஹரித கர்ம சேனையினர் வீடு வீடாகப் பிளாஸ்டிக்கை வாங்குகிறார்கள். தங்குகிற ஹோம்ஸ்டேக்காரரிடம், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

6. ஒத்திகை

முதல் சில இரவுகள் வீட்டு வாசலிலேயே. வீட்டுக்குள் போகக்கூடாது, கழிப்பறைக்குக்கூட. என்ன இல்லை என்பது நள்ளிரவில்தான் தெரியும். அப்புறம் சுருளி அருவிப் பக்கம், லோயர் கேம்ப் என்று ஊரிலிருந்து அரை மணி தூரத்தில் சில நாள். ஒரு கொக்கி உடைந்தால் ஊர்க் கடையில் மாற்றிக்கொள்ளும் தூரம். மலையேறுவது அதற்குப் பிறகு.

7. மலையேறும் நாள்

கம்பம், கூடலூரிலிருந்து விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாலையில் அவை இறங்கும் வேகம் வேறு ரகம். அதனால் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவே ஏறுங்கள். மேலே போய் இடம் தேடவும் வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியர். கேரவன் எப்போதும் முழுச் சுமையில் இருக்கும் வண்டி. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் போவதற்குள் பிரேக் டிரம் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காது. கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வாந்திக்கு: ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன் இரண்டு இட்லி, சட்னி வேண்டாம், பால் வேண்டவே வேண்டாம். வெறும் வயிறும் கூடாது. போனும் படப் புத்தகமும் பைக்குள். தூங்குகிற பிள்ளை பெரும்பாலும் வாந்தி எடுக்காது, ஆகவே தூங்கினால் எழுப்பாதீர்கள். காது அடைத்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

வேறு எல்லை வழியாகப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: முதுமலை, பந்திப்பூர் சாலைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால் வழியும் காட்டுச் சோதனைச்சாவடி திறந்திருக்கும் பகல் நேரத்தில் மட்டும். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். ஆரியங்காவு, வாளையாறு பாதைகள் இரவிலும் திறந்தவை, ஆனால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதவர்களுக்கு அது தேவைப்படாது. ஆம், மூன்று மணி நேரம்தான். மலையில் அது எழுபது, எண்பது கிலோமீட்டர்.

8. ராத்திரி நிறுத்தம்

நான்கு மணிக்குள் இடம் முடிவாகிவிட வேண்டும். பீர்மேடு, வாகமண் பக்கம் ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கி எதிரே வருவது தெரியாது.

முதல் தேர்வு ஹோம்ஸ்டே முற்றம். அறை வேண்டாம், வண்டி நிறுத்த இடமும் தண்ணீரும் கழிப்பறையும் போதும் என்று சொல்லி ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். கேரள அரசின் கேரவன் சுற்றுலாத் திட்டம் 2021-இல் வந்த பிறகு, வாகமணில் கேரவன் பூங்கா இருக்கிறது. வசதி, ஆனால் மாதக்கணக்கில் தங்கக் கட்டுப்படியாகாது.

எங்கே நிறுத்தக்கூடாது என்பதுதான் முக்கியம். மண் வெட்டிய சரிவின் அடியில், அணைக்குக் கீழே ஆற்றோரத்தில், தென்னை மரத்தின் கீழ். ஆரஞ்சு, சிவப்பு மழை எச்சரிக்கை வந்த நாளில் மலையில் இருந்தால் நகர வேண்டாம், ஊர் நடுவே பெட்ரோல் பங்கில் நிறுத்திக்கொண்டு இருங்கள்.

யானை நடமாடும் பாதையில் சாலையோரம் தங்கவே கூடாது. சின்னக்கானலில் அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பன், 2023 மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து போனது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. பலாப்பழம், வாழைத்தார், திறந்த அரிசி மூட்டை இவற்றோடு காட்டோரம் தூங்குவது அழைப்பு அனுப்பிவிட்டுத் தூங்குவதுதான்.

9. பிள்ளைகளின் உடம்பும் பாடமும்

தடுப்பூசி எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம், இரண்டு மாநிலத்திலும் வழக்கமான நாள் புதன்கிழமை. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தவணையும் டி.பி.டி. பூஸ்டரும், 5 வயதில் அடுத்த பூஸ்டர். யூ-வின் என்ற அரசின் தடுப்பூசித் தளத்தில் பதிவு இருந்தால் வேறு மாநிலத்தில் போடும்போது பழைய தவணைகளை நிரூபிக்கப் போராட வேண்டாம். ஊசி போட்ட அன்று இடம் மாறாதீர்கள், அன்று ராத்திரியே காய்ச்சல் வரலாம்.

மருந்துப் பெட்டியின் மூடியில் ஒவ்வொரு பிள்ளையின் தற்போதைய எடையை எழுதி ஒட்டுங்கள். பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது அல்ல, புது ஊர் டாக்டரும் முதலில் கேட்பது எடையைத்தான். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதி பாக்கெட் போட்டுக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று, அதில் உப்பு கூடிப் பிள்ளைக்குக் கெடுதல்தான்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு விடாதீர்கள், கேரளத்தில் எலிக்காய்ச்சல் சாதாரணமாக வருவது. குளத்தில் குதித்து விளையாடவும் வேண்டாம். மூக்கு வழியாகப் போகும் அமீபாவால் வருகிற மூளைக்காய்ச்சல் 2024, 2025-இல் அங்கே பல பேருக்கு வந்தது. வாளித் தண்ணீரில் குளித்தால் போதும். அவசரத்துக்கு இரண்டு மாநிலத்திலும் 108.

பாடம் பற்றி ஆறு வயதுக்கு முன் பெரிதாகக் கவலை வேண்டாம். அதற்குப் பிறகு பள்ளியில் சேர்க்க வரும்போது வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கும் வழி கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. தேவிகுளம், பீர்மேடு, பாலக்காடு பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. எங்கள் வழக்கம், காலையில் இடம் மாறாத நாட்களில் அரை மணி தமிழ் வாசிப்பு. மலையாளப் பலகைகளை அவர்களே பார்த்துப் பார்த்துப் படித்துவிடுகிறார்கள்.

10. ஊருக்கு வருவது

எல்லாவற்றிலும் கவனம் இங்கேதான் வேண்டும், ஆனால் பலரும் சும்மா வந்து இறங்குவது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நேராக வராதீர்கள். மலையிறங்கியதும் ஊருக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் முன்னால் ஓர் இரவு தங்குங்கள். கேசட்டைக் காலி செய்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நன்றாகத் தூங்கவைத்து, காலை பத்து மணிக்குப் போய்ச் சேருங்கள். வாந்தி எடுத்து வாடிய முகத்தோடு ராத்திரி எட்டு மணிக்கு இறங்கினால், “பிள்ளை எளச்சுப் போச்சே” என்று ஆரம்பிக்கும் பேச்சு அந்த வருகை முடியும் வரை ஓயாது. காலையில் சிரித்துக்கொண்டு இறங்கிய பிள்ளையைப் பார்த்தால் யாரும் அப்படி ஆரம்பிக்க மாட்டார்கள்.

வண்டி நிற்கும் இடத்தை வருவதற்கு முன் போனில் பேசி முடிவு செய்யுங்கள். தெருவில் இழுத்துக் கட்டிய கேபிள் வயர், திருவிழாப் பந்தல் கால், எதிர்வீட்டு வாசல் கோலம் மூன்றுமே பிரச்சினை. தம்பியையோ மச்சானையோ டேப் எடுத்துத் தெரு வயரின் உயரத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். “தாராளமா வரும்டா, லாரியே வருது” என்று அளக்காமல் சொல்வதை நம்பக் கூடாது. எதிர்வீட்டு அத்தையிடம் முதல் நாளே நீங்களே போய், எத்தனை நாள் நிற்கும் என்று சொல்லிவிடுங்கள்.

தோட்டத்தில் நிறுத்துவதானால் தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். தேங்காய் விழாவிட்டாலும் மட்டை விழும், ஒரு மட்டை பேனல் கண்ணாடிக்குப் போதும். நிழலும் கெடுதல்: பேனலின் ஒரு மூலையில் ஓலை நிழல் விழுந்தாலே அதன் சார்ஜ் நிறையவே குறைந்துவிடும். மாமரத்தடியில் முசுறு எறும்பு. கிளை வழியாக, டயர் வழியாக, வீட்டிலிருந்து இழுத்த கரண்ட் வயர் வழியாக வரிசையாக வரும். கிளை வண்டியைத் தொடாமல் நிறுத்தி, வயரில் ஓர் இடத்தில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றிக் கட்டினால் அதைத் தாண்டாது. சாக்பீஸ் மருந்து கோடு போடாதீர்கள், பிள்ளைகள் விரலால் தொட்டு வாயில் வைப்பார்கள்.

வீட்டுக் கரண்டை எடுக்கும்போது எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில். வயர் நீளமாக இருந்தால் முழுதும் பிரித்துத் தரையில் போடுங்கள். சுருட்டியபடி இருந்தால் சூடாகி உருகும். அந்தத் தடவை வரும் ஈ.பி. பில்லை நீங்களே கட்டிவிடுங்கள், அப்பா வேண்டாம் என்றாலும்.

அடுத்து, எங்கே தூங்குவது. “இம்புட்டுப் பெரிய வீடு கெடக்கு, பிள்ளைகள வண்டிக்குள்ள போட்டுப் படுக்க வைக்கிறியேப்பா” என்று அம்மா கேட்பார். இதில் விவாதம் செய்து ஜெயித்தவர் யாரும் இல்லை. எங்களுக்கு ஒத்துவந்த ஏற்பாடு: முதல் சில நாள் எல்லோரும் வீட்டுக்குள், பிள்ளைகள் அப்பத்தாவோடு. அப்புறம் பகல் தூக்கம் வண்டியில், ராத்திரி அவர்கள் விருப்பம். முழுக்க வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் படுத்துவிட்டு, திரும்பவும் வண்டியில் தூங்கச் சொன்னால் சின்னப் பிள்ளை பல நாள் அழும். பகல் தூக்கம் அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கும்.

இரண்டு வீடுகளின் கணக்கும் இருக்கிறது. அப்பத்தா வீடு கம்பத்திலும் அம்மாச்சி வீடு போடியிலும் என்றால், நாட்களைப் பாதியாகப் பிரிப்பதை வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள். வந்த பிறகு முடிவு செய்தால் எந்த முடிவும் ஒரு வீட்டுக்குக் குறையாகத்தான் தெரியும். வண்டி இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும். ஒரு வீட்டில் வண்டியை விட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்குப் பையோடு பஸ்ஸில் போனால், அங்கே நீங்கள் வெறும் விருந்தாளி.

ஊரில் செய்ய வேண்டிய வேலைகளை வண்டியிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்: சர்வீஸ், பிரேக் லைனிங், மெத்தை உறை துவைத்து வெயிலில் போடுவது, வங்கி, ஆதார், பல் டாக்டர். முதல் வாரம் ஒன்றும் செய்யாதீர்கள், சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இரண்டாம் வாரத்தில் வண்டியைப் பட்டறையில் விடுங்கள், அப்போதுதான் உதிரிபாகம் வரத் தாமதமானாலும் நாள் இருக்கும்.

வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் தண்ணீர் டேங்கைக் காலி செய்து, ஃபிரிட்ஜை அணைத்துக் கதவை லேசாகத் திறந்து வைத்து, ஸ்டார்ட்டிங் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். நெல், கம்பு வைத்திருக்கும் வீட்டில் எலி நிச்சயம், அது முதலில் கடிப்பது வயரைத்தான்.

11. திரும்பக் கிளம்புவது

விடியற்காலை நான்கு மணிக்குத் தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும். கண் விழித்ததும் அப்பத்தா இல்லை என்றால் அதற்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் தூங்கப் பயப்படும். சாப்பிட்டுவிட்டு, பிள்ளை தன் கையாலேயே டாட்டா காட்டிவிட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். அடுத்து எப்போது வருகிறோம் என்பதைத் தாத்தா வீட்டுக் காலண்டரிலும் குறித்துவிட்டு வாருங்கள், பெரியவர்கள் அந்தத் தேதியை நம்பித்தான் மற்றதைத் திட்டமிடுவார்கள்.

அரிசி மூட்டை, தேங்காய், பன்னீர் திராட்சை, ஊறுகாய் ஜாடி, மாமியார் கொடுத்த இரும்பு தோசைக்கல் எல்லாம் ஏறியிருக்கும். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் மலையேறும் முன் ஊர் எடை மேடையில் வண்டியை நிறுத்தி எடை பாருங்கள், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் தண்ணீர் டேங்கைப் பாதியாக்குங்கள், அதை மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம். மூட்டைகளைப் பின்னால் அடுக்காமல் இரண்டு அச்சுக்கும் நடுவே தரையில் வைத்துக் கட்டி, டயர் காற்றை அந்த எடைக்குத் தக்கபடி ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டுங்கள்.